உண்டியல் ஏந்தாமல் நிதி திரட்டலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டைப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் தமிழ் மன்றத்தாரும் சேர்ந்து, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு நிதி திரட்டித் தர விரும்புகிறோம். சென்ற ஆண்டு வகுப்பு வகுப்பாக உண்டியல் ஏந்திச் சென்றபோது பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். இம்முறை எல்லாரும் மகிழ்ச்சியோடு பங்கேற்க வேண்டும். பரிசுக் குலுக்கல் சீட்டு விற்கலாமா, ஐயா?

பதில்: குலுக்கல் சீட்டு வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு 2003ஆம் ஆண்டு முதல் தடை இருக்கிறது; நற்பணிக்காகவே ஆனாலும், காசு வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசு கொடுப்பது உங்களையும் கல்லூரியையும் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

நல்ல வழி உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. ஆடி மாதம் பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் மொய் விருந்துக்குப் பந்தல் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயிறார உண்டுவிட்டு, மொய் எழுதுபவர் முன் வந்து, தன் பெயர் நோட்டில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தபின் புறப்படுகிறவருக்குத் தானும் அந்தக் காரியத்தில் ஓர் ஆள் என்ற நிறைவு இருக்கிறது. உண்டியலில் காசு போடுகிறவருக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே ஒரு பிற்பகல் கல்லூரித் திடலில் ‘மொய் விருந்து’ வையுங்கள். ஆனால் தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து ரூபாய் கொடுக்க முடிந்த மாணவி ஐந்நூறு கொடுத்தவர் முன் கூசி நிற்கும்படி ஆகக் கூடாது. பெயரை மட்டும் வாசியுங்கள், போதும்.

விருந்தைப் பரிமாறும் பொறுப்பைப் பேராசிரியர்களிடம் கொடுங்கள். தினமும் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் தோசைக்கல் முன் நின்று, “இன்னொன்று வைக்கட்டுமா?” என்று கேட்பதைக் காண்பதற்காகவே மற்றத் துறை மாணவர்களும் திரண்டு வருவார்கள். பக்கத்தில் உறியடி, பம்பரம், பல்லாங்குழி, கயிறு இழுத்தல் போன்ற திறமை விளையாட்டுகளுக்குப் பத்து ரூபாய் டோக்கன் வையுங்கள். வென்றவருக்குப் பணப்பரிசு வேண்டாம். முதல்வர் கையால் ஒரு தேநீர் கொடுத்தால் மகிழ்ந்து போவார். வெயில் நேரமாதலால் பால் இனிப்புகளையும் தயிர்ச் சோற்றையும் தவிர்த்து, சுண்டல், தோசை, பானகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வரவு செலவுத் திட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். அறுநூறு பேர் வந்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் செலவழித்தால் முப்பதாயிரம் சேரும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்குமே பதினைந்தாயிரம் போனால் பாதி உழைப்பு வீண். எனவே மேசை, நாற்காலி, ஒலிபெருக்கி அனைத்தையும் கல்லூரியிடமே கேட்டு வாங்குங்கள்.

நான் திட்ட அலுவலராக இருந்த காலத்தில், நிதிப் பணம் முழுவதும் ஒரு மாணவரின் சொந்தக் கைப்பேசிக் கணக்குக்கு வந்து அவருடைய பணத்தோடு கலந்துவிட்டது. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை பல மாதங்கள் சந்தேகப் பார்வையைச் சுமந்தது. முன்கூட்டியே நான் தடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. ஆகவே க்யூஆர் குறியீடு கல்லூரியின் கணக்குக்கு உரியதாகவே இருக்கட்டும். ரொக்கத்தை இரு அமைப்புகளிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடட்டும். பெருந்தொகை தர முன்வரும் முன்னாள் மாணவர்களை நேரே நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே செலுத்தச் சொல்லுங்கள். வருமான வரிச்சலுகை கோர, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடை ரொக்கமாக இருக்கக் கூடாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் பணியைத் தொடங்கிய நிறுவனம் அது. அந்த வரலாற்றை ஒரு தட்டியில் எழுதி மொய் மேசைக்கு அருகில் வையுங்கள். பணம் செலுத்திய ரசீதின் நகலை ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் செலவுக் கணக்கோடு ஒட்டிவிடுங்கள். அதைப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு அழைக்காமலே பந்தியில் வந்து அமர்வார்கள்.