உப்புக்காத்து அரிச்ச எழுத்து

கேள்வி: அண்ணா, நானும் கூட்டாளியளும் வள்ளத்தில ஆக்களை ஏத்தி திமிங்கிலம் காட்டக் கூட்டிக்கொண்டு போறம். எங்கட டீசேட்டில "கோணமலைக் கடல்" எண்டு துருப்பிடிச்சு உரிஞ்ச மாதிரி எழுத்தில அடிக்க ஆசை. கம்ப்யூட்டர்ல சூப்பரா இருந்தது, நெஞ்சுப் பக்கம் சின்னதா அடிச்சா ஒரே அப்பின மாதிரி வந்திட்டுது. ஏன்?
- வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, ஃபொண்டில பிழையில்லை, அளவிலதான் பிழை. இந்தமாதிரி கரடுமுரடான எழுத்தெல்லாம் பெரிய தலைப்புக்கெண்டே செய்யிறது, சின்னதாக்கினா உள்ளுக்க இருக்கிற ஓட்டையள மை மூடிடும், துணியெண்டா மை நூலோட பரவி இன்னும் மோசம். முதுகுப் பக்கம் பெருசா அடியுங்கோ, நெஞ்சுக்கு சாதா எழுத்துப் போதும்.

ஆனா எனக்கு அதைவிடப் பெரிய கவலை தமிழ்தான். இங்கிலிஷ் எழுத்தில ஒரு மூலை உடைஞ்சாலும் வாசிக்கலாம், எங்கட "கடல்"ல புள்ளி போனா "கடல", "கோ"வில மேல்சுழி அழிஞ்சா "கொ". முந்தி ஓலை கிழிஞ்சிடும் எண்டு புள்ளி குத்தாம விட்ட காலம் இருந்தது, பிறகு வீரமாமுனிவர் வந்துதான் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இப்ப நாங்க எழுதிற மாதிரிப் பிரிச்சுக் காட்டினவர், அவ்வளவு பாடுபட்டு வந்த சுழியை ஒரு கீறலுக்காக அழிக்கிறது எனக்கு மனசே வராது. அதால "பலூ தம்பி" எண்ட ஃபொண்ட் மாதிரித் தடிச்ச ஒண்டை எடுங்கோ, அது இலவசம், விக்கிற டீசேட்டுக்கும் பாவிக்கலாம். கீறலை நீங்களே மேல போடுங்கோ, புள்ளியிலயும் சுழியிலயும் கை வைக்காதேங்கோ.

கீறலுக்கு எங்க போறது எண்டு கேக்காதேங்கோ. 1991ல எரிக் வான் ப்ளொக்லாண்ட் எண்ட ஃபொண்ட் வடிவமைப்பாளர் டைப்ரைட்டர் எழுத்து மாதிரியான ட்ரிக்ஸி ஃபொண்டைச் செய்யேக்க உண்மையான டைப்ரைட்டர் அடிச்ச எழுத்தைத்தான் பார்த்துச் செய்தவர், அதாலதான் அது நடிப்பா தெரியாது. உங்களுக்கு டச்பே கடற்கரையில ஏத்தி வச்சிருக்கிற வள்ளங்கள் இருக்கு, வெய்யிலும் உப்பும் பட்டு பெயின்ட் எப்பிடி ஓரத்திலயும் பலகை மூட்டிலயும் முதல்ல கிளம்புது எண்டு பாருங்கோ, சாய்ஞ்ச வெளிச்சத்தில போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையாக்கி எழுத்துக்கு மேல போடுங்கோ. ஒரே "க" மூண்டு தரம் வந்தா மூண்டிலயும் ஒரே கீறல் இருக்கக்கூடாது, கண் உடனே பிடிச்சிடும். உங்கட பேரில பாருங்கோ, "கோ"விலயும் "மலைக்"கிலயும் "கடல்"லயும் க வருது.

ஸ்டிக்கர் வெட்டிறதெண்டா இந்த வேலையே வேண்டாம், மெசின் ஒவ்வொரு பொட்டையும் வெட்டும், உரிக்கேக்க பாதி கழண்டு வரும்.

கேள்வி: பழைய பாமினி ஃபொண்டில அடிச்சத புது ஃபொண்டுக்கு மாத்தினா இங்கிலிஷ் எழுத்தா வருதே?
- வாசகி, மூதூர்

பதில்: பாமினி இங்கிலிஷ் எழுத்துகளிட இடத்தில தமிழை ஒளிச்சு வச்சிருக்கு தங்கச்சி. முதல்ல எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட்டுக்கு மாத்திப்போட்டு பிறகு ஃபொண்டை மாத்துங்கோ, மாத்தினாப்பிறகு கொம்பெல்லாம் சரியா நிக்குதோ எண்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.