வெள்ளிக்கிழமைதோறும் திறக்கிற டப்பா

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் மூன்று வருடம் கிடந்தான். சிகிச்சைக்குப் பிறகு ஏழு மாதமாகத் தொடவில்லை. தை மாதம் பெண் பார்க்கலாம் என்றிருக்கிறோம். போதை ஆசை மிச்சம் இருக்கிறதா என்று மூளை ஸ்கேனில் தெரிந்துவிடுமாமே? எடுத்துப் பார்த்தால் எங்களுக்கும் பெண் வீட்டாருக்கும் நிம்மதி. அவனுடைய பழைய ஊசியையும் மாத்திரை அட்டையையும் ஒரு டப்பாவில் போட்டு பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் அவன் முன்னால் திறந்து சத்தியம் வாங்குகிறேன். வேறு என்ன செய்யட்டும்?
– ஒரு தாய்

பதில்: ஸ்கேன் இருக்கட்டும் அம்மா. அந்த டப்பாவைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

போதை ஆசையை ஸ்கேனில் பார்க்கிற ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நோயாளியை எஃப்எம்ஆர்ஐ என்ற, மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஊசி, பொடி, மருந்து ஏற்றும் கை என்று படங்களைக் காட்டுகிறார்கள். ஆசையைக் கிளப்புவதற்காகவே காட்டுகிறார்கள். நீங்கள் வாராவாரம் வீட்டில் செய்வதும் அதுதான். அவர்கள் காட்டுவது படம், நீங்கள் காட்டுவது நிஜ ஊசி. அங்கே நோயாளி சம்மதித்து வருகிறார், கவனிக்க ஆள் இருக்கிறது. உங்கள் மகன் சத்தியம் செய்துவிட்டு, கிளம்பிய ஆசையோடு தனியாகத் தெருவில் இறங்கிப் போகிறான்.

மனஉறுதி இருந்தால் பார்த்தாலும் அசைய மாட்டான் என்று நினைக்கிறீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆனா ரோஸ் சைல்ட்ரெஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கொக்கெய்ன் நோயாளிகளுக்கு இந்த மாதிரிப் படங்களை 33 மில்லி விநாடி மட்டும் காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் மூளையில் ஆசைக்குரிய இடங்கள் விழித்துக்கொண்டன. நினைப்பு வருவதற்கு முன்பே நடக்கிற காரியத்தைச் சத்தியம் எப்படித் தடுக்கும்?

அதே ஆண்டு, ஹெராயினிலிருந்து மீள மெத்தடோன் என்ற மருந்தை எடுத்துவந்த 25 பேரை, அன்றைய மருந்துக்கு முன்னும் பின்னும் ஹெராயின் படங்களைக் காட்டி ஸ்கேன் செய்த ஆய்வும் வந்தது. மருந்துக்குப் பிறகு அந்தக் கிளர்ச்சி சில இடங்களில் தணிந்தது, சில இடங்களில் தணியவே இல்லை. (உங்கள் மகனுக்கும் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.)

இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்து அறிந்தவை. ஒருவனுடைய ஸ்கேனை வைத்து, இவன் இனி தொட மாட்டான் என்று யாரும் எழுதித் தர முடியாது. இன்னொன்றும் கேளுங்கள். அத்தனை பெரிய கருவி இருந்தும், ஆசை எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் நோயாளியிடமே கேட்கிறார்கள். நீங்கள் உங்கள் மகனிடம் ஒரு தடவையாவது கேட்டதாகக் கடிதத்தில் இல்லையே? வாராவாரம் சத்தியம் செய்கிறவன், "இன்னைக்கு ரொம்ப ஆசையா இருக்கும்மா" என்று எப்படி வாய் திறப்பான்? சொன்னால் சாமி குத்தம் ஆகிவிடும். அவன் வாயைக் கட்டிவிட்டு, உள்ளே இருப்பதைக் காட்டக் கருவி தேடுகிறீர்கள். அந்தக் கசப்பான பதிலைக் கேட்டுக்கொள்வது பெற்றவளின் கடமை. திட்டாமல், அழாமல் கேட்க வேண்டும்.

பெண் வீட்டாருக்கு எந்த ரிப்போர்ட்டும் வேண்டாம். பேசி முடிப்பதற்கு முன்பே அந்தப் பெண்ணிடம் அவனே சொல்லட்டும். மறைத்துக் கட்டிவைத்தால் அது இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்குச் செய்யும் துரோகம். இந்தத் தை போனால் அடுத்த தை வரும்.

அந்த அட்டையில் மாத்திரை மிச்சம் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. ஏழு மாதம் விட்டிருந்த உடம்புக்குப் பழைய தாங்குசக்தி இருக்காது. முன்பு ஏற்றிக்கொண்ட அதே அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். டப்பாவை நாளைக்கே அவன் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் ஒப்படையுங்கள். ஊசியைக் குப்பையில் போடாதீர்கள், அள்ளுகிறவர் கையில் குத்தும். அவனிடம் கொடுத்தும் அனுப்பாதீர்கள். நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.