வயதானவர்களை நடக்க வைக்க ஃபிட்னஸ் பேண்ட் உதவுமா?

ஃபிட்னஸ் பேண்ட் என்பது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும், அடி எண்ணும் கருவி. கையின் அசைவை வைத்து எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குப் போடும்.

உதவும் என்றே சொல்வேன். பால் பாக்கெட்டைக் காலண்டரில் குறித்து வைத்தால்தானே மாதக் கடைசியில் உண்மைக் கணக்கு தெரியும்? அதுபோலத்தான் இதுவும். "நான்தான் நாள் முழுக்க நடக்கிறேனே" என்கிற தாத்தா, ராத்திரி பேண்டைப் பார்த்தால் 1,800 அடிதான் இருக்கும். மறுநாள் யாரும் சொல்லாமலே வேலூர் கோட்டை அகழியோரம் கொஞ்சம் கூடுதலாக நடந்துவிட்டு வருவார். பேரன் திட்டுவதைவிட அந்த எண்ணுக்கு மரியாதை அதிகம்!

ஒரு சிக்கல்: வாக்கரைப் பிடித்துக்கொண்டோ மிக மெதுவாகவோ நடந்தால் கை வீசாது, எண்ணிக்கை குறைத்தே காட்டும். அவர்களுக்கு அடிக் கணக்கைவிட நிமிடக் கணக்கே சரி. கத்திரி வெயிலில் நம்ம ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்கட்டும்.

தினமும் 10,000 அடி கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். அது 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண், உலக சுகாதார நிறுவனம் முதியோருக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு.