அம்மப்பாவின் வால்வு றேடியோ தொட்டால் ஷொக் அடிக்கிறது, பாட்டும் கரகரக்கிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் யூசிஎச்81, யூஎல்84. எங்கே தொடங்குவது?

நீங்கள் எழுதிய வால்வுகள் யூசிஎச்81, யூஎல்84. அப்படியென்றால் அது பெரும்பாலும் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாத, ஏசி, டிசி இரண்டு கரண்டிலும் ஓடும் பெட்டி. கரண்ட் கம்பிகளில் ஒன்று நேரே சேசியில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில், இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசி முழுக்க 230 வோல்ட். சிலவற்றில் சுவிட்சும் சேசிப் பக்கக் கம்பியிலேயே இருக்கும். அப்போது சேசிக்கு நியூட்ரலை (கரண்ட் திரும்பும் கம்பியை)ச் சரியாகக் கொடுத்திருந்தாலும், அணைத்தவுடன் வால்வு இழைகள் வழியாகச் சேசிக்கு லைவ் கம்பியின் கரண்ட் வந்துவிடும். இது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி!

மூன்று முனைப் பிளக் போட்டு நியூட்ரலைச் சேசிக்குக் கொடுங்கள். சுவிட்சையும் ஒரு ஃபியூசையும் லைவ் கம்பிக்கு மாற்றுங்கள். எர்த்தைச் சேசியில் கட்டக் கூடாது. திறந்து வேலை செய்யும்போது, மெயின்ஸ் கரண்டிலிருந்து பெட்டியைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம். அது இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது கரகரப்பு. பழைய காகிதக் கண்டன்சர்கள் ஈரம் குடிக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மட்டக்களப்புக் கல்லடியில் கேட்கவே வேண்டாம். ஸ்பீக்கரை ஓட்டும் வால்வான யூஎல்84-இன் கிரிட்டுக்கு (ஒலி சிக்னல் நுழையும் முனைக்கு)ப் போகும் கண்டன்சர் கசிந்தால் கிரிட்டில் பொசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், வால்வு கொதிக்கும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரும் எரியலாம். அந்தக் கண்டன்சரை முதலில் மாற்றுங்கள், 630 வோல்ட் பொலியெஸ்டர் போதும். இரைச்சல் ‘ம்ம்’ என்று வந்தால் டிசியை வடிகட்டும் எலெக்ட்ரொலிட்டிக் கண்டன்சர் போய்விட்டது. பழைய அளவிலேயே போடுங்கள். பெரிதாகப் போட்டால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வு தாங்காது.