ஷட்டருக்குத் தெர்மகோல் ஒட்டலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தடிக்குப் பத்தடி இரும்பு ஷட்டர், மேற்குப் பார்த்த வாசல். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கிறது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி வேறு. அதனால் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுத்தான் வேலை செய்கிறோம். உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. உள்பக்கம் அலுமினியத் தாள் வைத்த நுரை ஷீட்டை ஒட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். தெர்மகோலே போதும் என்கிறார் இன்னொருவர். கூரை ஆஸ்பெஸ்டாஸ். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் ஷட்டர் கதவு மாதிரி திறந்து மூடுகிற பலகை இல்லை, பாய் மாதிரி சுருளுகிற பொருள். நீங்கள் லேத் போடுகிறவர், கணக்கு உங்களுக்கே வரும். பத்தடி நீளப் பட்டிகள் முழுக்கப் பத்து மில்லி நுரை ஒட்டினால், மேலே சுருட்டி நிற்கும்போது சுருளின் விட்டம் இரண்டு அங்குலத்துக்கு மேல் பெருக்கும். மூடி போட்ட பெட்டிக்குள் அது உரசும், சிக்கும். பட்டிக்குப் பட்டி மடங்கும் இடத்தில் நுரை கசங்கி, ஆறு மாதத்தில் உரிந்து தொங்கும். ஸ்பிரிங் பழைய எடைக்கு முறுக்கி வைத்தது, அந்தச் சமநிலையும் மாறும். அந்த ஸ்பிரிங்கை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங் கையை உடைத்துவிடும்.

தெர்மகோல் இன்னும் மோசம். கிரைண்டிங் பொறி பட்டால் உருகிச் சொட்டும், தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். அலுமினியத் தாள் ஒட்டிய நுரையிலும் மேலே இருப்பதுதான் அலுமினியம், உள்ளே எரிகிற பிளாஸ்டிக்தான். அந்தப் பளபளப்புத் தாள் வேலை செய்வதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். அதன் மேல் லேத் தூசியும் எண்ணெய்ப் புகையும் படிந்தால் பலன் குறைந்துகொண்டே போகும்.

காசைச் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மதியம் மூன்று மணிக்கு ஷட்டரின் உள்பக்கத்தையும் கூரையின் அடிப்பக்கத்தையும் வெப்பமானி துப்பாக்கியால் அளந்து பாருங்கள். தொழிற்சாலைக்கான கருவியாக இருக்கட்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது இதற்கு உதவாது. பெயின்ட் அடிக்காத பளபளப்புத் தகட்டில் அந்தக் கருவி பொய் சொல்லும், குறைத்துக் காட்டும். அதனால் தகட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். சூடு எவ்வளவு என்பதோடு பரப்பு எவ்வளவு என்றும் பாருங்கள். ஷட்டர் 100 சதுர அடி. உங்கள் கூரை அதைப் போல எத்தனை மடங்கு? பெரும்பாலான பட்டறைகளில் எதிரி தலைக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறான், வாசலில் நிற்பவன் அவனுடைய தம்பி.

ஆகவே முதல் செலவு கூரைக்கு: வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ துளை போடவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஏறுகிற ஆள் பலகை போட்டு நடக்கட்டும், ஷீட் உடைந்து விழுந்தவர்கள் கதை உங்கள் தெருவிலேயே ஒன்றிரண்டு இருக்கும்.

இரண்டாவது செலவு ஷட்டரின் வெளிப்பக்கம். அதற்கும் வெள்ளை பெயின்ட்தான். ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பில், நேராக பெயின்ட் அடித்தால் தோல் தோலாக உரியும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பெயின்ட் பிடிக்க உதவும் எட்ச் பிரைமர் ஒரு கை அடித்து, அதன் மேல் மெல்லிசாக இரண்டு கை. தடிமனாக அடித்தால் பட்டிகளின் கொக்கி ஒட்டிக்கொள்ளும். லாரித் தூசி படிந்தால் வெள்ளை சாம்பலாகிப் பலன் போய்விடும். மாதம் ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வாசலுக்கு மேலே தகரச் சாய்ப்பு இறக்குவது மேற்கு வெயிலுக்கு அவ்வளவாக உதவாது. நாலு மணி வெயில் சாய்ப்புக்குக் கீழே புகுந்து வரும். உங்கள் எல்லைக்குள் இடம் இருந்தால் ஷட்டருக்கு இரண்டடி முன்னால் பச்சை வலை தொங்கவிடுங்கள். பிளாட்பாரத்தில் கட்டினால் மாநகராட்சி பிய்த்துப் போட்டுவிடும்.

இன்னொன்று, உங்கள் ஊருக்கே உரியது. மேற்கு வாசலைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள், கிழக்கே கடல் இருப்பதை மறந்துவிட்டீர்கள். மதியத்துக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பின்சுவரில் உயரமாக ஒரு ஜன்னல் இருந்தால் அதைத் திறங்கள், இல்லாவிட்டால் ஒன்று வையுங்கள். வெப்பக் காற்றை மேற்குப் பக்கம் வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். வெட்டிவேர் தட்டி நனைத்துத் தொங்கவிடும் யோசனையை யாராவது சொல்வார்கள். டெல்லி வறட்டு வெயிலில் அது சுகம். நம் புழுக்கத்தில் ஈரம்தான் மிச்சம், உங்கள் லேத் பெட் துருப்பிடிக்கும்.

தூசிக்கு ஷட்டருக்குப் பின்னால் பி.வி.சி. ஸ்டிரிப் திரை வைக்கலாம், குளிர்பதனக் கிடங்கு வாசலில் தொங்குமே, அது. வெளிச்சம் வரும், தூசி குறையும். ஓரமாகத் தள்ளிவைக்கும் ரயில் வகையாகக் கேளுங்கள், நீளமான ராடு இறக்கும்போது தேவைப்படும். வெல்டிங் பொறி நேராகப் படும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

உண்மையிலேயே வெப்பம் தடுக்கும் ஷட்டர் வேண்டும் என்றால், நடுவே நுரை நிரப்பிய இரட்டைத் தகட்டுப் பட்டியில் செய்த ஷட்டர் கிடைக்கிறது. அதற்கு ஷட்டரையே மாற்ற வேண்டும், விலையும் அதிகம். பகல் முழுக்க ஏ.சி. ஓடுகிற இடத்துக்கு அது நியாயம். உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கேள்வி: காசிமேட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் கடை. இரவில் ஷட்டருக்கு அடியில் எலி வருகிறது, மழையில் தண்ணீர் வருகிறது. அடிச்சட்டம் துருப்பிடித்து அரித்துவிட்டது. ரப்பர் அடித்தால் எல்லாம் நின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

பதில்: சாரலும் தூசியும் நிற்கும், வெள்ளம் நிற்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு வடசென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீரை எந்த ரப்பரும் தடுத்திருக்காது. அதற்கு வாசலில் சிமென்ட் மேடு, இரண்டு பக்கமும் சேனல் பதித்து மழைக்காலத்தில் சொருகும் தடுப்புப் பலகை, இன்ஜின்களுக்கு உயரமான மேடை, இவைதான் வழி.

சாரலுக்கு ரப்பர் வாங்குவதென்றால் முதலில் அளவெடுங்கள். பகலில் ஷட்டரை முழுக்க இறக்கி, உள்ளே விளக்கை அணைத்து நின்று பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சாக்பீஸால் குறியுங்கள். தள்ளுவண்டியும் இன்ஜினும் உருண்டு உருண்டு தரை நடுவே பள்ளமாகியிருக்கும். சட்டம் நேராக இருக்கும். மிக அகலமான இடைவெளியை விட ரப்பர் சில மில்லி பெரிதாக இருக்க வேண்டும். பள்ளம் அதிகம் என்றால் சட்டத்துக்கு ரப்பர் அடிப்பதைவிடத் தரையைச் சமப்படுத்தி, அதில் ரப்பர் மேடு ஒட்டுவது மேல். பாரிமுனைப் பக்கம் ரப்பர் கடைகளில் ஈ.பி.டி.எம். என்று கேளுங்கள், வெயிலைத் தாங்கும். ஆனால் டீசலும் இன்ஜின் ஆயிலும் பட்டால் அது உப்பிப்போகும். உங்கள் கடைத் தரையில் எண்ணெய் ஓடுமென்றால் நைட்ரைல் ரப்பர் கேளுங்கள்.

ஓரத்து கைடு சேனலுக்கு ரப்பர் வேண்டாம், உராய்ந்து தேயும். நைலான் பிரஷ் பட்டை போதும். சேனலில் கிரீஸ் தடவும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், தூசி ஒட்டிச் சாந்தாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள்.

எலி பிரஷையும் ரப்பரையும் கடித்துவிடும். ரப்பருக்குப் பின்னால் தகட்டுப் பட்டை ஒன்று சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். அரித்த சட்டத்தின் மேலேயே ரப்பர் அடிக்கக் கூடாது. கடல் உப்பும் ஈரமும் உள்ளே மாட்டிக்கொண்டு மிச்சத்தையும் தின்னும். சட்டத்தை மாற்றி, அப்புறம் ரப்பர்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கேஸ் கட்டிங்குக்கு எல்.பி.ஜி. சிலிண்டர் உள்ளே வைத்திருக்கிறீர்களா? அது காற்றைவிடக் கனமான வாயு, கசிந்தால் தரையில் தேங்கும். இவ்வளவு நாள் ஷட்டர் அடி இடைவெளிதான் அதை வெளியே விட்டிருக்கும். அதை அடைத்தால் சுவரின் அடிப்பகுதியில் கம்பிவலை போட்ட காற்றுத்துளை கட்டாயம். இரவில் சிலிண்டர் வெளியே, காற்றோட்டமான கூண்டில் இருப்பது இன்னும் நல்லது.

கேள்வி: வியாசர்பாடியில் சிறு வெல்டிங் கடை. 18 கேஜ் என்று சொல்லிப் புது ஷட்டர் போட்டார்கள், தகடு மெலிதாகத் தெரிகிறது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்கிறார் போட்டவர்.

பதில்: அவர் பாதிதான் சொல்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சரி. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. கடை உங்களுடையது, வேலை செய்பவரும் நீங்கள் என்றால் அதைச் சொல்லி வாதாடலாம்.

முதலில் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லி, 20 கேஜ் 0.9 மில்லி. பெயின்ட் இல்லாத விளிம்பில் அளந்து, அளவு தெரியப் படம் எடுங்கள். கொட்டேஷனிலோ பில்லிலோ கேஜ் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பலிக்காவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பில்லே வாங்கவில்லை, வாய்ப்பேச்சுதான் என்றால் வாட்ஸ்அப்பில் பேசியது, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.