ஒரு கோடி முகவரிக்கு ராம் போதவில்லையா?

ஒரு கோடி இணைய முகவரிகளைப் பைத்தான் மொழியின் செட்டில் (ஒரே பொருள் இரண்டு முறை சேராத தொகுப்பு) வைத்து, "இது ஏற்கெனவே வந்ததா" என்று பார்ப்பதற்குள் 2 ஜிபி ராம் நிரம்பிவிடுகிறது என்கிறீர்கள். ராம் வாங்காதீர்கள். பர்ட்டன் ப்ளூம் 1970இல் சொன்ன ப்ளூம் ஃபில்டர் என்ற தரவமைப்பே போதும். அது முகவரியைச் சேமிக்காது. 7 ஹாஷ் (முகவரியை ஓர் எண்ணாக மாற்றும் கணக்கு) போட்டு, முதலில் எல்லாம் 0 ஆக இருக்கும் பிட் வரிசையில் அந்த எண்கள் காட்டும் இடங்களை 1 ஆக்கும், அவ்வளவுதான். தேடும்போது ஓரிடம் 0 என்றாலும் நிச்சயம் புது முகவரி. எல்லாமே 1 என்றால் வந்திருக்கலாம். புதியவற்றில் 100க்கு ஒன்றைப் பழையது என்று தப்பாகச் சொல்லும். அந்த அளவுக்கு முகவரிக்குச் சுமார் 9.6 பிட், மொத்தமே 12 எம்பி! ஒரு சதவீதம் தவறினாலும் கூடாது என்றால் மட்டும், பழையது என்று சொன்னவற்றை டிஸ்க்கில் வைத்த முழுப் பட்டியலோடு சரிபாருங்கள்.

அப்புறம், இதில் எதையும் நீக்க முடியாது. நான் ஒருமுறை பிட்டுகளை 0 ஆக்கிப் பார்த்தேன். சம்பந்தமில்லாத முகவரிகளும் சேர்ந்து காணாமல் போயின. நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால், இதே வேலையைச் செய்து நீக்கவும் விடும் குக்கூ ஃபில்டர் பக்கம் போங்கள்.