மாணவர்கள் குழுவாகப் பேசிக் கற்கும் வகுப்புக்கு மாறியதும் பதறுகிறார்கள், பழைய விரிவுரைக்கே திரும்பலாமா?

திரும்ப வேண்டாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து திடீரென ஒரு ரோல் நம்பரை எழுப்பிக் கேள்வி கேட்கிறீர்களே, அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்புக்கு முன்னால் வயிற்றைக் கலக்குகிறது என்று சிலர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, பயம் பாடத்தின் மேல் இல்லை, அத்தனை பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதில்தான், அதிலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசுவது தனிச் சுமை (துறைக் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதே இல்லை).

அடுத்த வகுப்பில் இப்படிச் செய்யுங்கள்:

1. கேள்வியைப் பலகையில் எழுதி இரண்டு நிமிடம் தனியாக யோசிக்க விடுங்கள்.
2. அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், தமிழிலேயே பேசட்டும். பிறகு "உங்கள் பெஞ்சில் என்ன முடிவு?" என்று கேளுங்கள்; தப்பானாலும் அது பெஞ்சின் பதில், ஒருவர் தலையில் விழாது.
3. கடைசியில் பெயர் போடாத துண்டுச் சீட்டில் எது பதற்றமாக இருந்தது என்று எழுதி வாங்குங்கள்.

சீட்டுகளில் அந்தப் பயம் குறைந்தால், பதற்றத்துக்குக் காரணம் திடீரென ரோல் நம்பரை எழுப்பிக் கேட்டதுதான் எனலாம்.

விரிவுரைக்குத் திரும்பாதீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு. 2014இல் வெளிவந்த, 225 ஆய்வுகளைத் தொகுத்த அலசலில் வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி சுமார் 34%, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் சுமார் 22%. அரியர் தரும் உளைச்சல் சின்னதா என்ன?

ஒன்று மட்டும்: தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று யாராவது சொன்னால் வகுப்பு முறையை மாற்றிக்கொண்டிருக்காமல் கல்லூரி ஆலோசகரிடம் அனுப்புங்கள், அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணையும் கொடுங்கள்.